நிவாரண அட்டையும் நாரி நோவும்

செங்கலடி, சித்தாண்டி, வாழைச்சேனைப் பக்கத்து அரச வைத்தியசாலை ஒன்றுக்கு மாற்றலாகி வரும் இளம் டொக்டர் ஒரு கிழமைக்குள் ஒரு பட்டியலை மனப்பாடம் செய்துவிடுவார். நாரி நோவு, தலையிடி, பிடரி விறைப்பு, நெஞ்சடைப்பு, கை கால் உளைவு, உள்ளங்கால் எரிவு, வயிற்றுப் புகைச்சல், நித்திரையின்மை. ஈசீஜி எடுத்தால் குறை சொல்ல ஒன்றும் இருக்காது. எக்ஸ்ரேயில், அந்த வயதில் எவருக்கும் இருக்கக்கூடிய எலும்புத் தேய்மானம் தெரியும். பனடோல், வயிற்றெரிவுக்கு ஒரு குளிசை, கொஞ்சம் விற்றமின், போயிட்டு வாங்க அம்மா. அடுத்த மாதம் அதே அம்மா அதே வாங்கில் இருப்பார். "டொக்டர், அந்தக் குளிசை ஒண்டும் கேக்கல்ல. மேலெல்லாம் உளையுது."

இந்த அம்மாவை எப்படி விளங்கிக்கொள்வது? கைவசம் இரண்டு விடைகள் உண்டு. முதலாவது, வைத்தியசாலை நடைபாதைகளில் தாழ்ந்த குரலில் சொல்லப்படுவது: "வருத்தம் ஒண்டுமில்ல, சும்மா வாறா." இது பிழையான விடை, ஏன் பிழை என்பதற்கு உடலியங்கியலுக்குள் போக வேண்டும், போவோம். இரண்டாவது விடை கொஞ்சம் படித்தது, கொஞ்சம் இரக்கமுள்ளது: "போர் தந்த வடு." இதில் உண்மை உண்டு. ஆனால் அதை முழு உண்மை என்று எடுத்துக்கொண்டால் ஒரு விபரீதம் நேரும். போர் முடிந்த கதை, அதை யாராலும் மாற்ற முடியாது. ஆகவே நோவையும் மாற்ற முடியாது என்று ஆகிவிடும். அகதிகளின் உடல் நோக்குறிகள் பற்றிக் கடந்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் நடந்த ஆய்வுகள் இந்த இரண்டாவது விடையைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திவந்திருக்கின்றன.

ஊரிலிருந்து தொடங்குவோம். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. மேற்கே, வயலும் காடுமாகக் கிடப்பது படுவான்கரை. வந்தாறுமூலை எழுவான்கரையில், மட்டக்களப்பு நகரத்திலிருந்து வடக்கே போகும் வீதியில், செங்கலடிக்கும் சித்தாண்டிக்கும் இடையே இருக்கிறது. 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வளாகம் இங்கேதான். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் இந்த வளாகத்துக்குள் ஓடிவந்தார்கள். விரிவுரை மண்டபங்களும் விடுதிகளும் மரநிழலும் அகதி முகாமாயின. பல்கலைக்கழக ஊழியர்கள் சிலர் முகாமை நடத்தினார்கள். செப்டெம்பர் 5ஆம் திகதி இராணுவம் வளாகத்தைச் சுற்றிவளைத்து, ஆட்களை வரிசையில் நடக்கவிட்டு, 158 பேரைப் பிரித்தெடுத்துக் கொண்டுபோனது. அவர்களில் எவரும் திரும்பி வரவில்லை. பின்னர் 1990களின் நடுவில் ஜனாதிபதி ஆணைக்குழு ஒன்று விசாரித்தது, சாட்சிகள் பேசினார்கள், பதிவுகள் இருக்கின்றன.

அந்த ஆண்டு மட்டக்களப்பில் இது ஒன்று மட்டும் நடக்கவில்லை. ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களும், ஒரு கிழமை கழித்து வந்தாறுமூலையிலிருந்து சில கிலோமீற்றர் தெற்கே ஏறாவூரில் முஸ்லிம் குடும்பங்களும் கொல்லப்பட்டார்கள். செப்டெம்பர் 9இல் சத்துருக்கொண்டானிலும் கொலைகள் நடந்தன. ஒக்டோபரில், வடக்கே, முஸ்லிம் மக்கள் முழுப்பேரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். அவர்களில் பெரும்பாலோர் புத்தளத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் புத்தளத்து மக்கள் இந்த அத்தியாயத்தில் திரும்பவும் வருவார்கள், ஏனென்றால் நம் கேள்விக்கு இலங்கையில் கிடைத்த மிகத் தெளிவான விடை அவர்களிடமிருந்துதான் வந்தது. அதற்குப் பிறகு 2004 டிசம்பர் 26 சுனாமி. 2006–07இல் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்து, இதே எழுவான்கரை ஊர்களில் தறப்பாள் கொட்டில்களுக்குள் இருந்தார்கள். சட்டப் புத்தகத்தின்படி நாட்டு எல்லையைக் கடந்தவர்தான் அகதி. மட்டக்களப்பில் யாரும் அந்தப் புத்தகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை, இங்கும் பார்க்கப்போவதில்லை.

போர் மனத்தை என்ன செய்கிறது என்று ஈழத்தில் முறையாக அளந்து பார்க்க முயன்றவர்களில் முதன்மையானவர் யாழ்ப்பாண மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம். தமிழில் 'மனவடு' என்ற நூலையும் எழுதியவர். அவரும் சா. சிவயோகனும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், எழுமாறாகத் தெரிந்தெடுத்த 101 பொதுமக்களைப் பார்த்தார்கள். போரின் நெருக்கடி எதையும் அனுபவிக்காதவர்கள் அதில் 6 சதவீதம் மட்டுமே. 64 சதவீதத்தினரிடம் உளசமூகப் பாதிப்புகள் இருந்தன. அவற்றைத் தனித்தனியே பிரித்தபோது முதலிடத்தில் நின்றது எல்லோரும் எதிர்பார்க்கும் நெருக்கீட்டு நோயோ மனச்சோர்வோ அல்ல. நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடு நோய் 27 சதவீதம், பதகளிப்பு 26, பெரும் மனச்சோர்வு 25. உடல்வழி நோக்குறிகளோ 41 சதவீதம். மனத்தைத் தேடிப்போன ஆய்வாளர்கள் கண்டது நாரியையும் பிடரியையும் நெஞ்சையும்.

இனி அந்த அம்மாவின் உடலுக்குள் போகலாம். ஒரேயொரு நோக்குறியை எடுத்து நெருங்கிப் பார்ப்போம். எழுவான்கரையில் அதற்குப் பஞ்சமில்லை: பெருமூச்சு.

பெருமூச்சு விடாத மனிதர் இல்லை. கவலை இல்லாதவரும் ஏறத்தாழ ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தம்மை அறியாமல் ஒரு பெருமூச்சு விடுகிறார். நுரையீரலின் கோடிக்கணக்கான நுண்ணறைகளில் சில அவ்வப்போது சுருங்கி ஒட்டிக்கொள்ளும். வழக்கமான மூச்சைப்போல் இருமடங்கு காற்றை உள்ளே இழுக்கும் ஒரு மூச்சு வந்து அவற்றை மறுபடி விரிக்க வேண்டும். இல்லாவிட்டால் நுரையீரல் மெல்ல மெல்லச் செயலிழக்கும். மூளைத்தண்டில், மூச்சின் தாளத்தைப் பிறப்பிக்கும் நரம்புக் கூட்டத்துக்கு இந்தப் பெருமூச்சை ஏவும் இரண்டு வகைப் புரதத் துணுக்குகளை, எலிகளிலும் சுண்டெலிகளிலும் செய்த ஆய்வுகள் மூலம் அமெரிக்க ஆய்வாளர்கள் ஜாக் ஃபெல்ட்மனும் மார்க் கிராஸ்னோவும் 2016இல் இனங்காட்டினார்கள். ஆக, பெருமூச்சு ஒரு பராமரிப்பு வேலை. அதே நரம்புக் கூட்டத்துக்குப் பயத்தைக் கையாளும் மூளைப் பகுதிகளிலிருந்தும் கம்பி போகிறது. பதற்றம் கூடினால் பெருமூச்சின் எண்ணிக்கையும் கூடும். இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

தேவைக்கு மேல் மூச்சை வெளியே விட்டால் இரத்தத்தில் கரியமில வாயு குறையும். கழிவு வாயுதானே, குறைந்தால் என்ன என்று தோன்றும். ஆனால் இரத்தத்தின் அமில அளவை ஒரு நிலையில் வைத்திருப்பது அந்த வாயுதான். அது குறைந்ததும் இரத்தம் காரத்தன்மைப் பக்கம் சாய்கிறது. மூளைக்குப் போகும் நாளங்கள் சுருங்குகின்றன. தலை சுற்றுகிறது, கண் மங்குகிறது. இரத்தத்தில் தனித்துத் திரியும் கல்சியம் புரதத்தோடு போய் ஒட்டிக்கொள்ள, நரம்புகள் தொட்டதற்கெல்லாம் துடிக்கின்றன. விரல் நுனியும் உதட்டோரமும் விறைத்து மின்னுகின்றன. விலா எலும்புகளுக்கு இடைப்பட்ட தசைகள் ஓயாத வேலையால் களைத்து நோகின்றன. நெஞ்சு அடைப்பதுபோல் இருக்கிறது. நெஞ்சடைப்பு வந்தவர் பயப்படுவார். பயந்தவர் இன்னும் ஆழமாக மூச்சு இழுப்பார். "மூச்சு எடுக்க ஏலாம இருக்கு" என்று அவர் சொல்லும்போது உண்மையில் மூச்சு அளவுக்கு மிஞ்சிப் போய்க்கொண்டிருக்கும்! இதில் எது கற்பனை? கரியமில வாயுவா, கல்சியமா, களைத்த தசையா? ஈசீஜி நன்றாக இருக்கிறது என்பது இதயம் நன்றாக இருக்கிறது என்று மட்டுமே சொல்லும்.

நாரியும் பிடரியும் இன்னொரு வழியால் நோகின்றன. ஆபத்துக்கு எதிராகப் போரிடவோ ஓடவோ உடல் தயாராகும் விதத்தை வால்டர் கனன் 1915லேயே விவரித்தார். அட்ரினலின் சுரக்கும், இதயம் விரையும், தோளும் முதுகும் இறுகும், குடலின் வேலை நின்றுபோகும். ஆபத்து சில நிமிடத்தில் கடந்துவிட்டால் எல்லாம் தளர்ந்துவிடும். சுற்றிவளைப்பு எந்த இரவு வரும் என்று தெரியாத ஊரில் அது தளர்வதில்லை. நாய் குரைத்தால் போதும். மாதக்கணக்கில் அரைகுறையாய் இறுகிக்கிடக்கும் தசை நோகத்தான் செய்யும். அதோடு நித்திரை. டொராண்டோவில் ஹார்வி மொல்டாஃப்ஸ்கி 1975இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், எந்த வருத்தமும் இல்லாத தன்னார்வலர்களை ஆழ்ந்த நித்திரைக்குப் போகவிடாமல் சில இரவுகள் கலைத்தார்கள். அவர்களுக்குத் தசை நோவும், தொட்டால் வலியும், உளைவும் வந்தன. நித்திரை திரும்பியதும் அவை அடங்கின. தறப்பாளின் சூடு, நுளம்பு, பக்கத்துக் கொட்டிலின் இருமல், கூடவே கனவு. முகாமில் ஆழ்ந்த நித்திரை எவ்வளவு பேருக்கு வாய்க்கும்?

மூன்றாவது வழி முள்ளந்தண்டு நாண். கிளிஃபர்ட் வூல்ஃப் 1983இல் காட்டியதுபோல், தொடர்ந்து வலிச் செய்தி வந்துகொண்டிருந்தால் முள்ளந்தண்டு நாணின் நரம்புகள் தம் உணர்திறனைக் கூட்டிக்கொள்கின்றன. சிறு தூண்டலும் பெருவலியாக மேலே போகிறது. மேலிருந்து மூளை இறக்கி அனுப்பும் தணிப்புச் செய்திகள் இதை அடக்க வேண்டும்; மனச்சோர்விலும் நீண்ட பதற்றத்திலும் அந்தத் தணிப்பு நலிந்துபோகிறது. பழைய காயம் ஆறிய பின்னும் நோவு தங்கிவிடுவது இதனால்தான்.

"எங்கட சனத்துக்கு மனசைப் பற்றிப் பேசத் தெரியாது, அதான் உடம்பால சொல்லுதுகள்" என்று படித்தவர்கள் சொல்வதுண்டு. மேல்நாட்டு மனநல நூல்களிலும் ஆசியர்களைப் பற்றி வெகுகாலம் இந்தக் கருத்தே இருந்தது. ஆர்தர் கிளைன்மன் சீனாவின் ஹூனான் மாகாணத்தில் நரம்புத் தளர்ச்சி என்று பெயர் பெற்ற நூறு நோயாளிகளைப் பார்த்து, 87 பேருக்கு மனச்சோர்வு இருப்பதாக 1982இல் எழுதியது இதற்கு ஆதாரமாக எடுத்தாளப்பட்டது. அவர் சொல்லவந்தது அதைவிட நுட்பமானது. 1999இல் 14 நாடுகளின் மருத்துவ நிலையங்களில் 1,146 மனச்சோர்வு நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு வெளிவந்தது. டொக்டரிடம் உடல் நோக்குறிகளை மட்டும் சொல்லிக்கொண்டு வந்தவர்கள் 69 சதவீதம். இது கிழக்கு நாடுகளுக்கு மட்டும் உரிய வழக்கமாக இருக்கவில்லை. மனத்தைப் பற்றி நேராகக் கேட்டபோதும் "அப்படி ஒன்றுமில்லை" என்று மறுத்தவர்கள் 11 சதவீதம் மட்டுமே. கேட்டால் சொல்கிறார்கள். நோயாளி டொக்டரிடம் உடம்பைச் சொல்வது, டொக்டர் உடம்புக்கு மருந்து தருபவர் என்பதால். கடைக்காரரிடம் போய் யாரும் குடும்பக் கதை சொல்வதில்லையே.

சரி, யாருக்கு இந்த நோக்குறிகள் அதிகம் வருகின்றன?

கடந்தகாலத்துக்கு அதன் பங்கைக் கொடுத்துவிட வேண்டும். கண்ணால் கண்ட, உடம்பில் பட்ட கொடுமைகளின் எண்ணிக்கை கூடக்கூட நோக்குறியும் கூடுகிறது. இது கிட்டத்தட்ட எல்லா நாட்டு அகதி ஆய்வுகளிலும் திரும்பத் திரும்பக் கிடைக்கும் முடிவு. போர் முடிந்து சில மாதங்களில், 2009 ஜூலை முதல் செப்டெம்பர் வரை யாழ்ப்பாண மாவட்டத்தில் 1,409 பேரிடம் நடத்திய ஆய்வில், அப்போதும் முகாம்களில் இருந்தவர்களில் 48.5 சதவீதத்தினருக்குப் பதகளிப்பும் 41.8 சதவீதத்தினருக்கு மனச்சோர்வும் இருந்தன. மாவட்டத்தின் மொத்த அளவோ 32.6, 22.2. ஆனால் அனுபவித்த கொடுமைகளைக் கணக்கில் எடுத்துச் சரிசெய்தபோது, இடம்பெயர்வால் வந்ததாகத் தெரிந்த வேறுபாடு மறைந்துபோனது. நான் சொல்லவரும் கருத்துக்கு இது எதிர்ச்சான்று, ஒளிக்கக் கூடாது. போர் ஓய்ந்து மாதங்களே ஆன அந்த வேளையில் கடந்தகாலம் இன்னும் கடந்திருக்கவில்லை என்றே இதை நான் வாசிக்கிறேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்ல வேண்டும். அகதியின் நோவு என்றதும் "மன அழுத்தம்" என்று முத்திரை குத்துவதும் ஒரு வகை அலட்சியம்தான். உள்ளங்காலில் தடியால் அடிபட்டவருக்குக் குதிகாலின் கொழுப்பு மெத்தை சிதைந்திருக்கும். ஒவ்வோர் அடி வைக்கும்போதும் எலும்பு தரையில் மோதுவதுபோல் வலிக்கும். பின்கட்டாகக் கட்டித் தூக்கப்பட்டவரின் தோள் நரம்புகள் இழுபட்டிருக்கும். முதுகில் செல் துண்டோடு நடமாடுபவர்கள் வாவியின் இரு கரையிலும் இருக்கிறார்கள். முகாம் வாழ்க்கையின் இரத்தச்சோகை தானே உளைவையும் படபடப்பையும் தரும். கை வைத்துப் பார்க்காத டொக்டர் மனத்தையும் பார்க்கப்போவதில்லை.

இப்போது புத்தளம். வடக்கிலிருந்து விரட்டப்பட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆன முஸ்லிம் மக்களிடம் செஸ்மால் சிறிவர்தனவும் குழுவினரும் செய்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. 450 பேர். நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடு நோய் வெறும் 2.4 சதவீதம். பெரும் மனச்சோர்வு 5.1. பதகளிப்பு 1.3. உடல்வழி நோக்குறி நோய் மட்டும் 14 சதவீதம்! இரண்டு தசாப்தத்தில் கனவுகள் ஓய்ந்திருக்கலாம், திடுக்கிட்டு விழிப்பது குறைந்திருக்கலாம். உடம்பு நோவு ஓயவில்லை. பொதுவான மனநோய்களோடு எவை சேர்ந்து காணப்பட்டன என்று பார்த்தார்கள். வேலை இல்லாதவர்களுக்கு அதன் வாய்ப்பு 2.8 மடங்கு. கணவனையோ மனைவியையோ இழந்தவர், பிரிந்தவர் என்றால் 4.9 மடங்கு. அடுத்த வேளைச் சாப்பாடு நிச்சயமில்லாத வீடு என்றால் 1.7 மடங்கு. வேலை, துணை, சோறு. இவற்றில் எதுவும் 1990இல் முடிந்துபோன சங்கதி அல்ல. அந்தக் கேள்வித்தாளை நிரப்பிய அன்று காலையும் இருந்தவை.

இதே திசையில், புலம்பெயர்ந்த தமிழர்களை வைத்துச் செய்த ஒரு பழைய ஆய்வும் கை காட்டுகிறது. அவுஸ்திரேலியாவில் சக்கரி ஸ்டீலும் டெரிக் சைலோவும் 196 தமிழர்களை ஆராய்ந்து 1999இல் வெளியிட்டார்கள். புகலிடம் கோரிக் காத்திருந்தவர்கள், அகதிகளாக ஏற்கப்பட்டவர்கள், குடியேறிகள் என மூன்று வகையினர். மனவடு நோக்குறிகளில் ஆளுக்கு ஆள் காணப்பட்ட வேறுபாட்டில் 20 சதவீதத்தை ஊரில் பட்ட கொடுமைகள் விளக்கின. இன்னும் 14 சதவீதத்தை விளக்கியவை அங்கே போன பிறகு வந்த தொல்லைகள். முதல் எண் பெரியதுதான். இரண்டாவது எண்ணை எவரும் அவ்வளவாக எதிர்பார்த்திருக்கவில்லை. நெதர்லாந்தில் 2004இல் வெளியான ஆய்வு காத்திருப்பை மட்டும் தனியே பிரித்துக் காட்டியது. வந்து ஆறு மாதம் ஆகாத ஈராக்கியப் புகலிடக் கோரிக்கையாளர்களில் 42 சதவீதத்தினருக்கு மனநோய் இருந்தது. இரண்டு ஆண்டுக்கு மேல் முடிவுக்காகக் காத்திருந்தவர்களில் 66.2 சதவீதம். காலம் ஆற்றும் என்பார்கள். காத்திருக்கும் காலம் ஆற்றவில்லை.

காத்திருப்பைப் பற்றிப் பேசிவிட்டு வந்தாறுமூலையின் 158 பேரை விட்டுப் போக முடியாது. இறந்தவருக்கு எட்டுச் செலவு உண்டு, முப்பத்தொன்று உண்டு, ஆண்டுத் திவசம் உண்டு. கொண்டுபோகப்பட்டவருக்கு எதைச் செய்வது? மரணச் சான்றிதழ் வாங்கினால் அவரைச் சாகடித்ததாகிவிடும். வாங்காவிட்டால் காணி உறுதி மாறாது, உதவிப் பணம் வராது. உளவியலாளர் போலின் பாஸ் இத்தகைய இழப்பைத் தெளிவற்ற இழப்பு என்று பெயரிட்டு நெடுங்காலம் ஆராய்ந்தார். முடிவு தெரியாததால் துக்கம் தொடங்கவே முடிவதில்லை; உடம்பும் ஆயத்த நிலையிலிருந்து இறங்குவதில்லை. படலைச் சத்தத்துக்குக் காது கொடுத்தே பழகிய உடம்பு அது. இலங்கையில் காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016இல்தான் நிறைவேறியது. அலுவலகம் வேலை தொடங்கியது 2018இல். வளாகத்து வரிசையில் மகனைப் பறிகொடுத்த தாய்க்கு அதற்குள் இருபத்தெட்டு ஆண்டுகள்.

டொக்டரிடம் போகுமுன் அந்தத் தாய் எங்கே போனார்? மட்டக்களப்பைத் தெரிந்தவர்களுக்கு விடை தெரியும்: அம்மன் கோயிலுக்கு. மானிடவியலாளர் பற்றிஷியா லோரன்ஸ் 1990களில் இந்த மாவட்டத்தில் தங்கி, தெய்வம் ஏறி வாக்குச் சொல்பவர்களைப் பற்றி எழுதினார். மகன் இருக்கிறானா என்று தாய் கேட்க, தெய்வமாடுபவரின் உடம்பிலே அந்த மகன் பட்ட அடி துடிக்கும். வாய்விட்டுச் சொன்னால் ஆபத்து என்றிருந்த காலத்தில், ஊர்ச்சனம் பார்த்திருக்க, நடந்தது அங்கே பேசப்பட்டது. வைகாசியில் கண்ணகை அம்மன் திருக்குளிர்த்திக்கு நேர்த்தி வைப்பதும், கூட்டத்தோடு நிற்பதும், வேப்பிலை படுவதும் வலியைக் குறைக்குமா? முறையாக அளந்த சோதனை எதுவும் என் கையில் இல்லை, ஆகவே குறைக்கும் என்று எழுதமாட்டேன். ஆனால் தனியாய் இருப்பவருக்கு நோவு கூடுவதும், சுற்றம் சூழ்ந்தவருக்கு மட்டுப்படுவதும் அகதி ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிபவை. ஊரையே பிரித்துப்போட்ட இடப்பெயர்வு கோயில் முற்றத்தையும் பிரித்துப்போட்டது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

போருக்குப் பின் ஒரு புதுக் காரணி வந்து சேர்ந்தது. நுண்கடன். பெண் தலைமைக் குடும்பங்களைத் தேடிவந்த கம்பனிகள் கிழமைத் தவணைக்குக் கடன் கொடுத்தன. ஒன்றை அடைக்க இன்னொன்று. தவணைக்காரர் மோட்டார் சைக்கிளில் வரும் நாளில் வீட்டைப் பூட்டிவிட்டு வயலுக்குள் போய் நிற்கும் நிலை வடக்கிலும் கிழக்கிலும் பரவி, 2018இல் அரசாங்கமே ஒரு கடன் நிவாரணத் திட்டத்தைக் கொண்டுவர நேர்ந்தது. இடுப்பில் துவக்கு வைத்திருப்பவனுக்கும் கையில் தவணைக் கொப்பி வைத்திருப்பவனுக்கும் அட்ரினல் சுரப்பி வேறுபாடு பார்ப்பதில்லை. கென்னத் மில்லரும் அன்ட்ரூ ராஸ்முசெனும் 2010இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் சாரம் இதுதான்: போரின் பாதிப்பில் ஒரு பங்கு நேரே மனத்தைத் தாக்குகிறது, மற்றப் பங்கு வறுமை, நெரிசல், தனிமை, குடும்பச் சண்டை என்ற நாளாந்தத் தொல்லைகள் வழியாக வந்து தாக்குகிறது. அந்த இரண்டாவது வழியை மறிக்க மனநல மருத்துவரே வேண்டும் என்றில்லை. நிவாரண அட்டையில் பெயரைச் சேர்க்கும் கிராம சேவகராலும் முடியும்.

இந்த ஆய்வுகளுக்கு ஒரு பொதுக் குறை உண்டு. பெரும்பாலானவை ஒரே தடவை போய்க் கேட்டு எழுதியவை. வேலை இல்லாததால் நாரி நோகிறதா, நாரி நோவதால் வேலைக்குப் போக முடியவில்லையா என்று அவற்றால் பிரித்துச் சொல்ல முடியாது. கூலிக்கு நாற்று நடப் போகும் பெண்ணைக் கேட்டால் இரண்டும்தான் என்பார். அது சரியாகவே இருக்கும்; ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு போகும் வட்டம் அது. வட்டத்தை எந்த இடத்தில் வெட்டினாலும் பலன் உண்டு என்பது நல்ல செய்தி.

வைத்தியசாலைக்குள் எங்கே வெட்டலாம்? சுனாமிக்குப் பின் வடகிழக்கு முகாம்களில் 31 பிள்ளைகளை வைத்து ஒரு சிறு சோதனை நடந்தது. ஒரு பகுதியினருக்கு நடந்ததை வரிசையாகச் சொல்லவைக்கும் சிகிச்சை; மற்றவர்களுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். ஆறு மாதத்தில் முதல் குழுவில் 81 சதவீதத்தினரும் இரண்டாவதில் 71 சதவீதத்தினரும் மனவடு நோயிலிருந்து மீண்டிருந்தார்கள். இவ்வளவு சிறிய குழுவில் அந்தப் பத்துச் சதவீத வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்கக் கூடாது. மூச்சை நிதானமாக விடப் பழகுவதும் மேலே பார்த்த கரியமில வாயுக் கணக்கைத்தான் சரிசெய்கிறது. தயா சோமசுந்தரம் யாழ்ப்பாணத்தில் நீண்டகாலமாகச் சொல்லிவந்த செபமும் மூச்சுப் பயிற்சியும் இதே வேலையைச் செய்பவை.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது அதுல சுமதிபாலவின் 2008ஆம் ஆண்டு ஆய்வு. இலங்கையில், காரணம் பிடிபடாத உடல் நோக்குறிகளோடு டொக்டரிடம் திரும்பத் திரும்ப வந்த 150 பேர். பாதிப் பேருக்கு அறிகை நடத்தைச் சிகிச்சை, அதாவது எண்ணத்தையும் பழக்கத்தையும் படிப்படியாக மாற்றும் பேச்சுச் சிகிச்சை. மற்றப் பாதிக்கு விசேடமாக எதுவுமில்லை: குறித்த நாளில் வரச் சொல்லி, அதே அளவு நேரம் ஒதுக்கி, சொல்வதைக் கேட்டு, உடம்பைப் பார்த்து அனுப்பினார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் இரு குழுவினருக்கும் நோக்குறி குறைந்திருந்தது. இரண்டுக்கும் இடையே சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. சிகிச்சையே பெறாத மூன்றாவது குழு ஒன்று இருந்திருந்தால், தானாகத் தணிந்தது எவ்வளவு என்றும் தெரிந்திருக்கும். ஆனாலும் பயிற்சி பெற்ற உளச் சிகிச்சையாளர்கள் அருந்தலாக உள்ள மாவட்டத்துக்கு இந்த முடிவின் பெறுமதி பெரிது.

அமெரிக்காவின் ஆர்கன்சாஸில் ரிச்சர்ட் ஸ்மித் 1986இல் இதையே காசில் காட்டியிருந்தார். இத்தகைய நோயாளிகளின் டொக்டர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். நான்கு முதல் ஆறு கிழமைக்கு ஒரு தடவை நாள் குறித்துப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் நோகும் இடத்தைக் கை வைத்துச் சோதியுங்கள். தெளிவான காரணம் இல்லாமல் டெஸ்ட் எழுதாதீர்கள். எல்லாம் உங்கள் மனத்தில்தான் என்று சொல்லாதீர்கள். அந்தக் கடிதத்துக்குப் பிறகு மருத்துவச் செலவு பாதிக்கு மேல், 53 சதவீதம், குறைந்தது. நோயாளிகளின் நிலை மோசமாகவும் இல்லை. இதில் நுட்பமான விஷயம் நாள் குறிப்பது. நோவு கூடினால் வாங்க என்று சொன்னால், டொக்டரைப் பார்ப்பதற்கு நோவு கூட வேண்டியிருக்கும். நோவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாங்க என்றால் அந்தத் தேவை இல்லை.

எழுவான்கரையில் இதற்குக் குறுக்கே நிற்பது அறிவின்மை அல்ல, ஆள் பற்றாக்குறை. காலையில் நூறு பேர் நிற்கும் ஓபீடீயில் ஒருவருக்கு இரண்டு, மூன்று நிமிடம் கிடைத்தால் அதிகம். முகம் பழகுமுன் டொக்டருக்கு மாற்றல் வந்துவிடும். வருபவருக்குத் தமிழ் தெரியாமலும் இருக்கலாம். நீரிழிவுக்கும் பிரஷருக்கும் கிளினிக் நாள் இருக்கிறது. நோயாளி கையில் கொப்பி இருக்கிறது, அடுத்த திகதியை எழுதித் தாதி கையெழுத்து வைக்கிறார். நாரி நோவுக்கு அப்படி ஒரு கொப்பியும் திகதியும் போட ஒரு தாதியும், மாதம் ஓர் அரைநாளும், மாறாமல் ஓராண்டு இருக்கும் ஒரு டொக்டரும் போதும். அந்தக் கொப்பியின் முதல் பக்கத்தில் இரத்த அழுத்தத்துக்குக் கீழே நான்கு கேள்விக்கு இடம் விட வேண்டும்: நித்திரை எப்படி, வீட்டில் யார் யார், இந்தக் கிழமை சமைக்க அரிசி இருக்கிறதா, தவணைக்காரர் எந்த நாள் வருகிறார்.